நான்கு கெப்சூல் யாருடைய குற்றம்?

நானுஓயாக்காரி:
"தோட்டத்துச் சனங்கள் இரண்டு நாளில் மருந்தை நிறுத்திவிடுவதால்தான் சளிக்கு அன்டிபயோட்டிக் பிடிக்காமல் போகிறது" என்று ஹட்டன் மருந்தாளர் நேற்று இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. நான் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்து, இன்று வைத்தியசாலை ஆய்வுகூடமொன்றில் வேலை செய்கிறவள். மருந்துச்சீட்டே கேட்காமல், அட்டையிலிருந்து பென்சிலின் இனத்து அமொக்சிசிலின் கெப்சூல் நான்கை வெட்டிக் கடதாசி உறையில் போட்டுக் கொடுப்பவர் யார்? நாளுக்கு மூன்று வேளை என்றால் அது ஒன்றரை நாளுக்குக்கூடப் போதாது. நான்கை விற்றுவிட்டு, ஏழு நாள் குடிக்கவில்லை என்று வாங்கியவரைக் குறை சொல்வது எந்த நியாயம்?

ஹட்டன் மருந்தாளர்:
நான்கு போதும் என்று கேட்டு வாங்குகிறவர்கள் அவர்கள்தான்; நான் எவர் கையிலும் திணிக்கவில்லை. 32 வருடங்களாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஏழு நாளுக்கான 21 கெப்சூலுக்கும் காசு கேட்டால் வெறுங்கையோடு திரும்பிப் போகிறவர்களை நான் கண்டிருக்கிறேன், நீங்கள் காணவில்லை. தொண்டை வலிக்குப் பென்சிலினைப் போதாத அளவில் குடிப்பவன் கிருமிக்கு எதிர்ப்பைக் கற்றுக்கொடுக்கிறான் என்று பென்சிலினைக் கண்டுபிடித்த பிளெமிங் 1945இல் தமது நோபல் உரையிலேயே எச்சரித்தார். குடித்தவரின் பிழை என்று அவர் சொன்னதையே நானும் சொன்னேன்.

நானுஓயாக்காரி:
பென்சிலினைக் கடையில் எவரும் வாங்கக்கூடிய காலம் வரலாம், அதில்தான் ஆபத்து இருக்கிறது என்பதும் அதே உரையில் உண்டு. அந்த வரியை ஏன் விட்டுவிட்டீர்கள்?

மஸ்கெலியா ஆசிரியர்:
இருவரும் வீணாகச் சண்டை பிடிக்கிறீர்கள். அடிக்கடி குடித்தால் உடல் மருந்துக்குப் பழகிவிடும், அவ்வளவுதான் விடயம். 20 வருடம் உயிரியல் கற்பித்தவன் சொல்கிறேன்.

நானுஓயாக்காரி:
மன்னிக்க வேண்டும், ஐயா. பழகுவது உடல் அல்ல, கிருமி. நிமோனியாவை உண்டாக்கும் நியூமோகொக்கஸை இரத்த ஏகார் என்னும், இரத்தம் கலந்த வளர்ப்புக் கூழில் வளர்த்தால், மறுநாள் நடுவில் குழி விழுந்த கரம் காய்களைப் போன்ற சிறு வட்டங்கள் பச்சை படர்ந்து நிற்கும். அந்தக் கிருமியைப் புதிய தட்டொன்றில் பூசி, அதன் மேல் ஒக்சசிலின் என்னும் பென்சிலின் இன மருந்து ஊறிய காகித வட்டொன்றை வைப்போம். அதைச் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தின் விட்டம் 20 மில்லிமீற்றரோ அதற்கு மேலோ இருந்தால் பென்சிலின் வேலை செய்யும் என்று எழுதலாம். அந்த வெற்றிடம் சுருங்கிக் கிடக்கும் தட்டையும் நான் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். அந்தத் தட்டில் நோயாளியின் உடல் இல்லை, கிருமி மட்டுமே இருக்கிறது. பென்சிலின் பற்றிப் பிடிக்கும் புரதத்தையே அது மாற்றிக்கொள்கிறது. அதற்கான மரபணுத் துண்டுகளைத் தொண்டையில் அயலில் வாழும் அதன் உறவான வேறு ஸ்ட்ரெப்டோகொக்கஸ் கிருமிகளிடமிருந்தும் எடுத்துக்கொள்கிறது. ஆகவே அன்டிபயோட்டிக்குக்கு மடியாத வைரஸால் வந்த சாதாரணத் தடிமலுக்கு ஒருவர் 21 கெப்சூலையும் ஒழுங்காகக் குடித்து முடித்தாலும், மருந்துக்கு மடியும் கிருமிகள் மடிய, மடியாதவைதான் தொண்டையில் மிஞ்சும். பாதியில் நிறுத்தியதைப் பற்றியே பேசுகிறீர்கள், தேவையின்றித் தொடங்கியதைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை.

ஹட்டன் மருந்தாளர்:
நேற்று நான்கு குறைவு என்றீர்கள், இன்று 21உம் பிழை என்கிறீர்கள். எண்ணிக்கையை முதலில் நீங்கள் தீர்மானியுங்கள்.

மஸ்கெலியா ஆசிரியர்:
நான் சொன்னதன் கருத்தும் கிருமி பழகுகிறது என்பதுதான். போன வருடம் என் மகனின் இருமலுக்கு மருந்து கேட்டு வந்தபோது, வாத்தியார்மாருக்கு எல்லாம் தெரியும் என்று கடையில் பலர் முன்னிலையில் என்னை அவமதித்தவர் இந்த மருந்தாளர்தான். அதை நான் மறக்கவில்லை.

ஹட்டன் மருந்தாளர்:
சீட்டு இல்லாமல் கேட்டீர்கள், நான் தரவில்லை. அது அவமதிப்பா?

கொழுந்துக்காரி மகன்:
ஆசிரியருக்குத் தராத மருந்தை என் அம்மாவுக்கு மட்டும் சீட்டு இல்லாமல் எப்படித் தந்தீர்கள்? அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனால் அம்மாவுக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும். தோட்டத்து டிஸ்பென்சரியில் வைத்தியர் இல்லாத நாளில் அவர் எங்கே போவார்? மிஞ்சியதை அம்மாயி பால்மா டின்னில் போட்டுவைத்து, தம்பிக்கு இருமல் வந்தபோது எடுத்துக் கொடுத்தார்.

ஹட்டன் மருந்தாளர்:
டின்னில் மிஞ்சியது என்றால் முழுவதும் குடிக்கவில்லை என்றுதானே பொருள்? நான் சொன்னதை நீங்களே நிரூபித்துவிட்டீர்கள்.

நானுஓயாக்காரி:
ஒன்றும் நிரூபணமாகவில்லை. வைத்தியர் சோதித்து நிமோனியா என்று கண்ட பிள்ளைகளுக்கு அமொக்சிசிலினை 3 நாள் கொடுத்தாலும் 7 நாள் கொடுத்தாலும் பலன் ஏறத்தாழ ஒன்றே என்று பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் நடந்து 2021இல் வெளியான ஆய்வு காட்டியது. நாள் கணக்கு வைத்தியர் தீர்மானிக்க வேண்டியது, கடைக் கத்தரிக்கோல் அல்ல.

ஹட்டன் மருந்தாளர்:
மூன்று நாளே போதும் என்றால், நான்கு கெப்சூலுக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

நானுஓயாக்காரி:
வைத்தியர் சோதித்த பிள்ளைகள் என்று எழுதியிருக்கிறேன், திரும்பப் படியுங்கள். அந்த நான்கை எந்தச் சீட்டைப் பார்த்து விற்றீர்கள்? முதல் நாள் கேட்டதற்கே இன்னும் பதில் வரவில்லை.

ஹட்டன் மருந்தாளர்:
கேட்டு வாங்கியவர்கள் அவர்கள்தான் என்று முதல் நாளே பதில் எழுதிவிட்டேன்.