பிராக், வியன்னா: இருவர், ஏழு இரவு. எந்த ஊருக்கு நாலு, எந்த ஊருக்கு மூணு?

திசைகாட்டி:
வணக்கம் நண்பர்களே. கணவன் மனைவி இருவர், மே நடுவில் பயணம். சென்னையிலிருந்து வளைகுடா வழியாக வியாழன் மதியம் வியன்னாவில் இறங்கி, அடுத்த வியாழன் மாலை அங்கிருந்தே கிளம்புவதாகத் திட்டம். முதலில் வியன்னா நாலு இரவு, பிறகு பிராக் மூணு இரவு, கடைசி நாள் காலை ரயிலில் வியன்னா திரும்பி விமானம். கோட்டை, ஓவியம், பழைய தெரு இவைதான் முக்கியம், கடைவீதி வேண்டாம். மனைவி சைவம். இந்தத் திட்டத்தில் ஓட்டை எங்கே?

வைகைக்கரை:
முதல் ஓட்டை அந்தக் கடைசி நாள்தான். பிராக்கிலிருந்து வியன்னாவுக்கு ரயிலில் நாலு மணி நேரம். ரயில் தாமதமானால் விமானம் போச்சு. அந்தப் பயத்தில் விடிகாலையிலேயே கிளம்புவீர்கள், அரை நாள் வீண். விமான டிக்கெட் தேடும்போது 'போய் வர' என்று போடாமல் 'மல்டி சிட்டி' என்று போடுங்கள். ஒரு ஊரில் இறங்கி மற்ற ஊரிலிருந்து ஏறலாம். எமிரேட்ஸ், கத்தார் இரண்டும் இரண்டு ஊருக்கும் பறக்கின்றன. விலை கொஞ்சம் கூடினாலும், மிச்சமாகும் ரயில் டிக்கெட்டையும் அரை நாளையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

இரண்டாவது, வரிசை தப்பு. முதலில் பிராக், பிறகு வியன்னா. காரணம் உடம்பு. மே மாதத்தில் நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். அங்கே விடிகாலை நாலரை என்றால் நம் உடம்புக்குக் காலை எட்டு. முதல் இரண்டு மூன்று நாள் நாலு மணிக்கே முழிப்பு வரும், இரவு எட்டுக்கெல்லாம் கண் சொருகும். பிராக்கில் அது வரம். 1357ல் கட்டத் தொடங்கிய சார்லஸ் பாலம் 516 மீட்டர் நீளம், மேலே 30 சிலைகள். பத்து மணிக்கு மேல் போனால் ஆள் முதுகுதான் தெரியும். மே நடுவில் ஐந்தேகாலுக்குள் சூரியன் வந்துவிடும், அப்போது போனால் பாலம் ஏறக்குறைய உங்களுக்கே. வியன்னாவில் நாலு மணிக்கு எழுந்து என்ன செய்வீர்கள்? அருங்காட்சியகம் திறப்பது ஒன்பது, பத்துக்கு. அந்த ஊரின் சிறப்பே இரவு இசைநிகழ்ச்சி. முதல் நாள் ஸ்டேட் ஓபரா இசைநாடக அரங்கில் உட்கார்ந்தால் இரண்டாம் காட்சி வரும்போது நம் ஊர் நேரம் நள்ளிரவைத் தாண்டியிருக்கும். பழகிய உடம்போடு போக வேண்டிய ஊர் அது.

ஆகவே பிராக் நாலு, வியன்னா மூணு.

நடைவண்டி:
வைகைக்கரை அண்ணா, வரிசையை ஒத்துக்கொள்கிறேன். எண்ணிக்கையை ஒத்துக்கொள்ள முடியாது. பிராக்கில் பார்க்க வேண்டியதில் முக்கால்வாசி வெளியில் இருக்கிறது: பாலம், சதுக்கம், 1410ஆம் ஆண்டின் வானியல் கடிகாரம், கோட்டை முற்றங்கள், ஆற்றங்கரை. எல்லாம் நடந்தே முடியும். முழுசாக இரண்டு நாளும் ஒரு அரை நாளும் போதும்.

வியன்னா அப்படியில்லை, அங்கே சரக்கு கட்டடத்துக்குள். கலை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு மட்டும் நாலு மணி நேரம் குறைந்தபட்சம். உலகத்தில் ஓவியர் பிரய்கலின் படைப்புகள் அதிகம் இருப்பது அங்கேதான், 'பாபேல் கோபுரம்', 'பனியில் வேட்டைக்காரர்கள்' இரண்டும் ஒரே அறையில். ஷோன்புருன் மாளிகையில் மொத்தம் 1,441 அறை, பார்வைக்குத் திறந்திருப்பது 40 சொச்சம், தோட்டமும் மேலே மேட்டில் குளோரியட் மண்டபமும் சேர்த்தால் அரை நாளுக்கு மேல். மேல் பெல்வெடெர் மாளிகையில் ஓவியர் கிளிம்ட்டின் 'முத்தம்'. ஹோஃப்பர்க் அரண்மனையில் அரச கருவூலம். மூணு இரவு என்றால் இரண்டே முழு நாள். இதையெல்லாம் இரண்டு நாளில் அடைத்தால் பார்த்த எதுவும் மனசில் நிற்காது.

பனைமரம்:
எதற்கு இரண்டு ஹோட்டல்? வியன்னாவிலேயே ஏழு இரவும் தங்கி, பிராக்கை ஒரு நாள் போய் வந்தால் பெட்டி கட்டும் வேலை மிச்சம், வாடகையும் குறையும்.

வைகைக்கரை:
போக நாலு, வர நாலு, ஆக எட்டு மணி நேரம் ரயிலுக்குள். காலை ஏழுக்குக் கிளம்பினால் பதினொன்றுக்கு இறங்குவீர்கள். அதுதான் சுற்றுலாக் கூட்டம் உச்சத்தில் இருக்கும் நேரம். கூட்டம் கலைந்து ஊர் அழகாகும் மாலையில் திரும்பும் ரயிலில் இருப்பீர்கள். ஒரு நாள் போய் வர வேண்டுமென்றால் வியன்னாவிலிருந்து ஒரு மணி நேரத்தில் ஸ்லோவாக்கியத் தலைநகர் பிராட்டிஸ்லாவா இருக்கிறது. ஆனால் ஏழு இரவில் மூன்றாவது ஊரைச் சேர்க்க நான் சொல்ல மாட்டேன்.

செம்பருத்தி:
நாலா மூணா என்று நீங்கள் இருவரும் வாதாடுவது விசாவையும் தொடும், அதைச் சொல்லிவிடுகிறேன். ஷெங்கன் என்பது பல ஐரோப்பிய நாடுகளுக்கும் ஒரே விசா, அதற்கு அதிக இரவு தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். இரவுகள் சமமாக இருந்தால் மட்டுமே முதலில் நுழையும் நாடு. பிராக் நாலு என்றால் செக் நாடு. வியன்னா நாலு என்றால், பிராக்கில் இறங்கினாலும் ஆஸ்திரியா. 'எங்கே அப்பாயின்ட்மென்ட் கிடைக்கிறதோ அங்கே போட்டுவிட்டுப் பிறகு ஹோட்டலை மாற்றிக்கொள்ளலாம்' என்று சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். விண்ணப்பத்தில் காட்டிய இரவுகள் வேறு கதை சொன்னால் அவர்கள் பரிசீலிக்காமலேயே திருப்பலாம். எல்லையில் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான்.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறைந்தால் முடியாது. கோடைக்கு முன் அப்பாயின்ட்மென்ட்டே கஷ்டம் என்பதால் இரவுக் கணக்கை இப்போதே முடிவு செய்யுங்கள். கட்டணம் 2024 ஜூனிலிருந்து ஆளுக்கு 90 யூரோ. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் முழுவதற்கும் செல்லுபடியாக வேண்டும். ஹோட்டலை ரத்து செய்யக்கூடிய வகையில் பதியுங்கள்.

நடைவண்டி:
செம்பருத்தி அக்கா சொன்னது ரொம்ப முக்கியம். கிழமைக் கணக்கும் அதே மாதிரிதான். வைகைக்கரை அண்ணாவின் திட்டப்படி வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று முழு நாளும் பிராக். சனிக்கிழமை யூத அருங்காட்சியகம் மூடல். ஞாயிறு காலை கோட்டைக்குள் இருக்கும் புனித விட்டஸ் தேவாலயத்தில் பூசை, பார்வையாளருக்கு நண்பகலுக்கு மேல்தான் அனுமதி. வாரக் கடைசியில் பக்கத்து நாட்டுக் கூட்டம் வேறு வந்து சேரும். பிறகு திங்கள் வியன்னா வந்தால் கலை வரலாற்று அருங்காட்சியகம் விடுமுறை, மே மாதத்தில் திங்கள் திறக்காது. செவ்வாய் கருவூலம் விடுமுறை. ஆக, செவ்வாய் கலை வரலாற்று அருங்காட்சியகத்துக்கே போய்விட்டால் மற்றதற்கு மிஞ்சும் முழு நாள் புதன் ஒன்றுதான். அந்த ஒரே நாளில் கருவூலம், ஷோன்புருன், பெல்வெடெர் மூன்றையும் பார்த்து, மாலையில் ஓபராவுக்கும் நிற்பதா?

வைகைக்கரை:
விடுமுறையைப் பார்த்து நாளை அடுக்கினால் சரியாகிவிடும், தம்பி. வெள்ளி கோட்டை. கோட்டை முற்றங்கள் காலை ஆறுக்கே திறந்திருக்கும், கட்டடங்கள் ஒன்பதுக்கு. 22ஆம் எண் ட்ராமில் ஏறி 'பொஹோர்ஜெலெட்ஸ்' நிறுத்தத்தில் இறங்குங்கள். அங்கிருந்து எல்லாம் இறக்கம்: ஸ்ட்ராஹோவ் மடம், லொரெட்டா, கோட்டைச் சதுக்கம், தேவாலயம், தங்கச் சந்து, பழைய படிக்கட்டு வழியாக மலோஸ்ட்ரான்ஸ்கா மெட்ரோ. பலரும் கீழிருந்து படியேறிப் போய் மேலே சேரும்போதே களைத்துவிடுகிறார்கள். கோட்டை டிக்கெட் இரண்டு நாள் செல்லும், ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு முறை நுழைவு. தேவாலயத்தின் தெற்குக் கோபுரம் 287 படி, அதற்குத் தனி டிக்கெட்.

சனிக்கிழமைக் கூட்டத்துக்கு மருந்து வைஷெஹ்ராட். ஆற்றோரப் பாறை மேல் பழைய கோட்டை, இசையமைப்பாளர்கள் த்வோர்ஷாக்கும் ஸ்மெதனாவும் உறங்கும் கல்லறைத் தோட்டம். கூட்டம் அவ்வளவு தூரம் வராது. ஞாயிறு யூத அருங்காட்சியகம். அதன் ஒரு பகுதியான பிங்காஸ் தொழுகைக்கூடத்தின் சுவர்களில் நாஜிகள் கொன்ற செக் நாட்டு யூதர்கள் ஏறக்குறைய 80,000 பேரின் பெயரைக் கையால் எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கே அவசரமாக நுழைந்து வெளியேறுவது தகாது.

இரண்டு ஊரையும் இந்த வரிசையில் பார்க்க வரலாற்றிலும் காரணம் இருக்கிறது. பேரரசர் இரண்டாம் ருடால்ஃப் 1583ல் அரசவையை வியன்னாவிலிருந்து பிராக்குக்கு மாற்றினார். அவர் சேர்த்த அரும்பொருள்களில் ஒரு பகுதி பிறகு வியன்னாவுக்குப் போனது. மிஞ்சியதில் பெரும்பகுதியை 1648ல் சுவீடன் படை கொள்ளையிட்டது. அவர் கல்லறை பிராக் தேவாலயத்தில், அவருக்காக 1602ல் செய்த மணிமுடி வியன்னா கருவூலத்தில். வெறுங்கோட்டையைப் பார்த்துவிட்டுப் போய் அந்த மணிமுடியின் முன் நின்றால்தான் பிராக் எதை இழந்தது என்று புரியும்.

நடைவண்டி:
அண்ணா, நீங்கள் சொன்ன இந்தக் காரணமே என் பக்கம்தான் பேசுகிறது! ருடால்ஃபின் சேகரிப்பு மணிமுடி ஒன்றோடு முடியவில்லை. கலை வரலாற்று அருங்காட்சியகத்தின் தரைத்தளத்தில் 'குன்ஸ்ட்காமர்' பகுதி முழுக்க அந்தக் கால அரும்பொருள்: கல்லில் குடைந்த கிண்ணம், தானே இயங்கும் பொம்மை, கடிகாரம். ஓவியம் மேல்தளத்தில். ஒரே டிக்கெட். பெரும்பாலோர் மேலே பிரய்கலைப் பார்த்துக் கால் ஓய்ந்து, கீழ்த்தளத்தை விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். அதற்கு நேரம் எங்கே வைத்திருக்கிறீர்கள்?

பிராக்கில் ஒரு இரவைக் குறையுங்கள். வெள்ளி கோட்டை. சனி விடிகாலை பாலம், பிறகு வைஷெஹ்ராட். ஞாயிறு காலை ஒன்பதுக்கு யூத அருங்காட்சியகம், மதியத்துக்கு மேல் ரயில். உங்கள் பட்டியலில் ஒன்றும் விடுபடவில்லை. திங்கள் கருவூலமும் பெல்வெடெரும், இரண்டும் அன்று திறந்திருக்கும். செவ்வாய் கலை வரலாற்று அருங்காட்சியகம். புதன் காலை ஷோன்புருன், மாலை ஓபரா.

பனைமரம்:
பிராக்கில் பணம் மாற்றுவது பற்றி யாருமே சொல்லவில்லையே. அங்கே யூரோ இல்லை, கொருனா.

செம்பருத்தி:
ஆமாம், ஏமாறுவது அதிகமும் அங்கேதான். '0% கமிஷன்' பலகையை நம்பாதீர்கள், கமிஷனை விலையிலேயே வைத்திருப்பார்கள். ஒரு யூரோவுக்குக் கிட்டத்தட்ட 24, 25 கொருனா வர வேண்டும். எண்ணிக்கையைக் கேட்டு உறுதி செய்த பிறகே நோட்டை நீட்டுங்கள். குறைவாகக் கொடுத்தது பிறகு தெரிந்தால், 2019லிருந்து அங்கே ஒரு சட்டம் இருக்கிறது: 1,000 யூரோ வரையிலான மாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் அதே கடையில் ரத்து செய்யலாம். ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்.

ஏடிஎம்மில் 'ரூபாயில் கழிக்கவா, கொருனாவில் கழிக்கவா' என்று கேட்டால் கொருனா. ரூபாய் என்று அழுத்தினால் அந்த இயந்திரக்காரர் வைத்த விலையில் போகும். கார்டு பெரும்பாலும் எல்லா இடத்திலும் செல்லும், ட்ராமுக்குள்ளேயே கார்டைத் தொட்டு டிக்கெட் வாங்கலாம். அப்படி வாங்கியதில் நேரம் அச்சாகி வரும். நிலையத்தில் வாங்கிய தாள் டிக்கெட்டை மட்டும் மஞ்சள் பெட்டியில் செருகி முத்திரை குத்த வேண்டும். குத்தாவிட்டால் டிக்கெட் கையில் இருந்தும் அபராதம்.

சைவத்துக்கு: செக் உணவுப் பட்டியலில் 'பெஸ்மஸா யீட்லா' என்ற தலைப்பின் கீழ் இறைச்சி இல்லாதவை இருக்கும். பொரித்த பாலாடைக்கட்டி எங்கும் கிடைக்கும், ஆனால் மேல்மாவில் முட்டை உண்டு. வியன்னாவில் 'ஃப்ரிட்டாட்டன்' சூப் பார்க்கத் தோசைத் துண்டு மிதக்கிற மாதிரி இருக்கும், சாறு மாட்டிறைச்சியில் எடுத்தது. மனைவி முட்டை சாப்பிடுவாரா என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்.

திசைகாட்டி:
எல்லோருக்கும் நன்றி. முட்டை சாப்பிடுவார், கறி மட்டும் இல்லை. முடிவு இதுதான்: வரிசை வைகைக்கரை அண்ணா சொன்னபடி, எண்ணிக்கை நடைவண்டி சொன்னபடி. வியாழன், வெள்ளி, சனி இரவு பிராக். ஞாயிறு முதல் புதன் வரை வியன்னா. விசா ஆஸ்திரியாவிடம். ஓபரா டிக்கெட் இப்போதே வாங்கணுமா?

நடைவண்டி:
நல்ல இருக்கை வேண்டுமென்றால் இப்போதே பாருங்கள். நின்று பார்ப்பதானால் நிகழ்ச்சி நாளன்று காலை பத்துக்கு இணையத்தில் வரும். ஆனால் அன்று மூன்று மணி நேர நிகழ்ச்சி என்றால் ஷோன்புருனில் குளோரியட் மேடு ஏறாதீர்கள்.

வைகைக்கரை:
நாலாவது இரவை விட்டதில் எனக்கு வருத்தம்தான். பிராக்கின் மாலைகள் மூன்றே மிஞ்சுகின்றன, அந்த மூன்றிலும் எட்டுக்கே தூக்கம் வரும். வெள்ளி மதியம் ஒரு மணி நேரம் படுத்து எழுந்தால் இருட்டிய பின் ஒரு முறையாவது பாலத்துக்குப் போகலாம், கோட்டை விளக்கொளியில் இருக்கும்.

ஞாயிறு ரயில் பற்றி. பகலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒரு ரயில்ஜெட் விரைவு ரயில். அதே ரயிலைச் செக் ரயில்வே தளத்திலும் ஆஸ்திரிய ரயில்வே தளத்திலும் விற்கிறார்கள், விலை வேறுபடும். இரண்டையும் பார்த்து மலிவானதை எடுங்கள். மலிவு டிக்கெட் அந்த ஒரு ரயிலுக்கு மட்டுமே, விட்டால் பணம் போச்சு. இருக்கை பதிவு தனிக் கட்டணம், கட்டாயமில்லை. ஆனால் ஞாயிறு மதியம் கூட்டம், இருவருக்கும் பதிந்துவிடுங்கள். சில ரயில்கள் வியன்னாவைத் தாண்டி கிராட்ஸ் என்ற ஊருக்குப் போகும், பலகையிலும் கிராட்ஸ் என்றே இருக்கும். பெயரைத் தேடாமல் ரயில் எண்ணைப் பாருங்கள். பெட்டிகளை ஹோட்டலிலேயே விட்டுவிட்டு யூத அருங்காட்சியகம் போய் வாருங்கள், அந்தக் கருங்கல் தெருவில் சக்கரம் உருளாது.

வியன்னாவில் இறங்குவது ஞாயிறு மாலை. ஊரில் மளிகைக் கடை பெரும்பாலும் மூடியிருக்கும், நீங்கள் இறங்கும் ஹாப்ட்பான்ஹோஃப் (முதன்மை ரயில் நிலையம்) உள்ளே இருக்கும் கடை திறந்திருக்கும். காலைக்கு ரொட்டியும் பழமும் அங்கேயே வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். தண்ணீர் வாங்க வேண்டாம், குழாயில் வருவதே மலை ஊற்றுத் தண்ணீர்.