மெழுகு உருளையில் வெள்ளைப் புள்ளி: போட்டுக் கேட்கலாமா?

உப்புவெளி வாசி:
திருகோணமலை ஈரத்தில் எடிசன் உருளைகளில் (அந்தக் காலத்தில் பாட்டு, பேச்சைப் பதிந்த ஒலிப்பதிவு உருளைகள்) வெள்ளைப் புள்ளி படருது. மண்ணிறம், கறுப்பு, நீலம் மூன்றும் இருக்கு. துடைத்துவிட்டுப் போடலாமா?

பழைய ஊசி:
அது பூஞ்சணம், மெழுகையே தின்னும். தின்ற ஒலித்தடத்தில் கரகரப்பு நிரந்தரம். காய்ந்த மென்தூரிகையால் தடத்தின் போக்கிலேயே மெல்லத் தட்டுங்கோ. மெழுகில் ஸ்பிரிட் படவே கூடாது. இரண்டு விரலை உள்ளே விட்டு விரித்துத் தூக்குங்கோ. ஏசிக் குளிரில் இருந்ததைச் சூடான கையால் பிடித்தால் வெடிக்கும். பஞ்சு வைத்த பழைய பெட்டியை மாரி தொடங்க முன்னமே மாற்றுங்கோ, அது ஈரத்தைப் பிடித்து வைக்கும். இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு உருளையை நிமிர்த்தி வையுங்கோ.

கோட்டையடி:
பூஞ்சணத்தைவிடப் பிழையான ஊசிதான் கூடக் கெடுக்கும். கறுப்பு இரண்டு நிமிட உருளைக்கு அங்குலத்துக்கு 100 தடம், 'சி' ரீப்ரொடியூசர் (ஊசி பூட்டிய ஒலிப்பெட்டி). 1908இல் வந்த நான்கு நிமிட அம்பெரோல் மெழுகுக்கு 200 தடம், 'எச்'. நீலம் 1912இல் வந்த செலுலாய்டு (பழைய வகைப் பிளாஸ்டிக்), மெழுகு இல்லை. அதன் வைர ஊசியை மெழுகில் வைத்தால் தடத்தை உழுதுவிடும். மண்ணிறம் மிக மென்மை, பழைய இயந்திரத்தில் ஓட்டாமல் டிஜிட்டலாக்கக் கொடுப்பதே புத்தி. வேகத்தையும் பாருங்கோ: 1902க்குப் பிறகு நிமிடத்துக்கு 160 சுற்று, முந்தியவை பெரும்பாலும் அதிலும் மெதுவு.

உப்புவெளி வாசி:
நன்றி அண்ணை. நீலம் ஒன்று மாண்ட்ரலில் (உருளையை மாட்டுகிற தண்டு) முழுக்க இறங்குதில்லை.

பழைய ஊசி:
உள்ளே இருக்கிற பிளாஸ்டர் ஈரத்தில் ஊதியிருக்கு. அமத்தினால் செலுலாய்டு பிளக்கும். நன்றாகக் காயவிட்டும் இறங்காவிட்டால் மட்டும், உள்பக்கத்தை நுண் உப்புத்தாளால் சுற்றிவரச் சமமாகத் தேயுங்கோ. ஒரு பக்கம் கூடத் தேய்ந்தால் உருளை ஆடும், சுருதியும் ஆடும்.