தீனித் தட்டை மைனா ஜோடி பிடித்துக்கொண்டது: அடைக்கலாங்குருவிகளுக்கு என்ன வழி?

மருதாணிவேலி (பாளையங்கோட்டை)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் கொல்லையில் கொய்யா மரக்கிளையில் ஒரு மண்தட்டைக் கட்டித் தொங்கவிட்டுக் கம்பும் நொய்யரிசியும் போட்டு வருகிறேன். குளிர்காலம் முழுவதும் அடைக்கலாங்குருவிகள் கூட்டமாக வந்து தின்றன. கோடை பிறந்ததும் ஒரு மைனா ஜோடி தட்டைத் தன்வசமாக்கிவிட்டது. ஒன்று தின்னும்போது மற்றது விளிம்பில் நின்று தலையிறகைச் சிலிர்த்துக்கொண்டு காவல் காக்கிறது. குருவிகள் மருதாணி வேலியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகின்றன.

நேற்று இன்னொரு மைனா ஜோடி வந்தது. இரண்டு மைனாக்கள் ஒன்றின் காலை ஒன்று நகத்தால் இறுகப் பற்றிக்கொண்டு மண்ணில் புரண்டன. அவற்றின் துணைகள் சுற்றிச் சுற்றி வந்து கத்தின. நான் அருகே போயும் விடவில்லை. பதறிப்போனேன்.

போதாததற்குக் குருவிகளுக்குள்ளும் தகராறு. கழுத்தில் பெரிய கறுப்புத் திட்டுள்ள ஓர் ஆண்குருவி மற்ற குருவிகளை அலகைத் திறந்துகொண்டு துரத்துகிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர் கவண் எடுத்து மைனாக்களை விரட்டச் சொல்கிறார். அதற்கு எனக்கு மனம் வரவில்லை. குருவிகளும் சாப்பிட வேண்டும், மைனாவுக்கும் அடிபடக் கூடாது. வழி உண்டா?

நொய்யல்கரை (கோவை)

கவணை மட்டும் எடுத்துவிடாதீர்கள் அம்மா. இரண்டு விவரம் வேண்டும். தானியத்தைத் தவிர வேறு ஏதாவது வைக்கிறீர்களா? அருகில் குருவிப் பெட்டி மாட்டியிருக்கிறதா?

மருதாணிவேலி

காலையில் மீந்த சோறும் அதே தட்டில்தான் வைக்கிறேன். பழத்தோலும் சில நாள் உண்டு. குருவிப் பெட்டி தட்டுக்கு நேர் மேலே, சுவரில் இருக்கிறது.

நொய்யல்கரை (கோவை)

அப்படியானால் மைனா தட்டை விட்டு நகராததில் வியப்பில்லை. சோறும் பழமும் அதற்கு விருந்து. கம்பு அவ்வளவாகப் பிடிக்காது. மைனா பொந்தில் கூடு கட்டும் பறவை, இப்போது அதன் இனப்பெருக்கக் காலம். தீனியும் பொந்து போன்ற பெட்டியும் ஒரே இடத்தில் இருந்தால் அந்தச் சுவர் முழுவதையும் தன் எல்லை என்றே அது எண்ணும். நீங்கள் பார்த்த கட்டிப்புரளல் பெரும்பாலும் எல்லைக்கும் பொந்துக்கும் நடப்பது. காணப் பயங்கரமாக இருந்தாலும் பொதுவாகத் தோற்றது பறந்துவிடும். பூனை வராமல் பார்த்துக்கொண்டால் போதும், பிடித்து விலக்க வேண்டாம்.

யார் யாரை விரட்டுவது என்பதில் உடல் எடைக்குப் பெரும் பங்கு உண்டு. அடைக்கலாங்குருவி 25 கிராம் அளவில் இருக்கும், மைனா நூறு கிராமைத் தாண்டும். இதில் போட்டிக்கே இடமில்லை. அமெரிக்காவில் கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் ஃபீடர்வாட்ச் திட்டத்தில், வீட்டில் தீனி வைப்பவர்கள் எந்தப் பறவை எதை விரட்டியது என்று குறித்து அனுப்பினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட இனங்களின் பதிவுகளைத் தொகுத்து 2017-இல் ஆய்வுக் கட்டுரை வந்தது. பொதுவாகக் கனத்த பறவைக்கே முதலிடம் கிடைத்திருக்கிறது. ஆனால் மரங்கொத்திகள் தம் எடைக்கு மிஞ்சி மிரட்டுகின்றன. புறாக்கள் எடைக்குத் தக்கபடி எதிர்த்து நிற்பதில்லை. நம் ஊரிலும் கவனித்துப் பாருங்கள், மாடப்புறா மைனாவைப் போல மூன்று பங்கு எடை. அது மற்றவற்றை அடித்து விரட்டுவதைவிடக் கூட்டமாக வந்து உட்கார்ந்து இடத்தை அடைத்துக்கொள்வதே அதிகம்.

உங்கள் ஆண்குருவி நடத்துவது வேறு வகை. ஒரே கூட்டத்துக்குள் யார் முன், யார் பின் என்று வரிசை ஏற்படுவதை 1920களின் தொடக்கத்தில் நார்வேக்காரர் ஷெல்டெரப்-எப்பெ கோழிகளிடம் கண்டு எழுதினார். வரிசை ஒருமுறை அமைந்துவிட்டால் அலகைத் திறந்து காட்டுவதே போதும், அடிதடி குறையும். கறுப்புத் திட்டு பெரிதாக உள்ள குருவிக்கு அதிகாரமும் பெரிது என்று நெடுநாள் சொல்லி வந்தார்கள். 2018-இல் பழைய தரவுகளைப் புதியவற்றோடு சேர்த்து ஆராய்ந்தபோது அது உறுதிப்படவில்லை. இறகு நுனிகளின் வெளிர்நிறம் தேய்ந்து அடியிலுள்ள கறுப்பு வெளிப்படுவதால் கோடையில் எல்லா ஆண்குருவிகளுக்கும் அந்தத் திட்டு பெரிதாகவே தெரியும். அதனால் அந்தக் குருவியை நினைத்துக் கவலைப்படாதீர்கள்.

இனிச் செய்ய வேண்டியது. எவ்வளவு முரட்டு மைனாவானாலும் ஒரு நேரத்தில் ஓரிடத்தைத்தான் காக்க முடியும். ஆகவே தீனியைப் பிரித்துவிடுங்கள். சோற்றையும் பழத்தையும் கொல்லையின் மறுகோடியில், உப்புப் போடாததாக, தரையை விட்டு உயரத்தில் வையுங்கள். கம்பையும் தினையையும் வேலியை ஒட்டி, குருவி ஒரே தாவலில் புதருக்குள் புகுந்துகொள்ளும் தொலைவில் வையுங்கள். இரண்டு தட்டும் ஒன்றிலிருந்து ஒன்று தெரியாமல் இருந்தால் மிக நல்லது. பெட்டியைத் தீனியிலிருந்து விலக்குங்கள். உள்ளே இப்போது முட்டையோ குஞ்சோ இருந்தால் பெட்டியைத் தொடாமல் தட்டை மாற்றுங்கள்.

தேம்ஸ் தமிழ் (லண்டன்)

இங்கே எங்கள் தோட்டத்தில் மைனாவின் வேலையைப் பச்சைக்கிளி செய்கிறது. நம் நாட்டு அதே கிளிதான். கூண்டிலிருந்து தப்பியும் விடப்பட்டும் இங்கே பெருகிவிட்டது. 2014-இல் வெளியான ஒரு சோதனையில், கூண்டுக் கிளி ஒன்றைத் தீனிக்கு அருகே வைத்து அதன் குரலையும் ஒலிக்கவிட்டார்கள். உள்ளூர்ச் சிறு பறவைகளின் வருகை குறைந்தது. வந்தவையும் தின்பதை விட்டு நிமிர்ந்து நிமிர்ந்து பார்ப்பதிலேயே நேரத்தைக் கழித்தன. கிளி எதையும் கொத்தவில்லை, இருந்ததே போதுமானதாயிற்று.

இதற்கு இங்கே எல்லோரும் செய்வது கம்பிக்கூண்டு. தீனிக்குடுவையைச் சுற்றி ஒன்றரை அங்குலக் கட்டமுள்ள கம்பி வலை. குருவி நுழையும், மைனா நுழையாது. வலைக்கும் தீனிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் வெளியே நின்றபடியே கழுத்தை நீட்டித் தின்றுவிடும். வெட்டிய கம்பி முனைகளை மடித்து விடுங்கள், இறகைக் கிழிக்கும்.

தனிவழி (சேலம்)

தீனி வைப்பதையே நிறுத்திவிடலாமே? நாம் கொட்டுவதால்தானே இத்தனை கூட்டமும் சண்டையும்? புறா வந்து சேர்ந்தால் எச்சமும் நோயும் வேறு.

நொய்யல்கரை (கோவை)

சொல்வதில் நியாயம் இருக்கிறது. தட்டையான தீனித் தட்டில் எச்சமும் எச்சிலும் கலந்தால் நோய் பரவும். பிரிட்டனில் 2005-க்குப் பிறகு கிரீன்ஃபிஞ்ச் என்னும் சிறு பறவைகள் தொண்டையைத் தாக்கும் ஒட்டுண்ணி நோயால் பெருமளவு மடிந்தன. தீனி வைக்கும் இடங்கள் அதைப் பரப்பியதாகக் கருதப்படுகிறது. அதனால் அன்றாடம் தீர்ந்துபோகும் அளவுக்கு மட்டும் போடுங்கள், மிச்சத்தை அகற்றுங்கள், தட்டைத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவிடுங்கள். கீழே சிந்தியதைக் கூட்டிவிட்டால் புறாவும் எலியும் குறையும். கூட்டம் அளவு மீறினாலோ நோயுற்ற பறவை தென்பட்டாலோ சில வாரம் நிறுத்துவதுதான் சரி. ஆனால் புதரெல்லாம் வெட்டிச் சிமெண்ட் பூசிய தெருக்களில் ஒரு பிடி கம்பு வைப்பதைத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன்.

மருதாணிவேலி

மிக்க நன்றி. பழைய கோழிக்கூண்டு வலையில் கூண்டு செய்து வேலியருகே மாட்டினேன். சில நாள் ஒரு குருவியும் கிட்டே வரவில்லை. பிறகு ஒரு பெண்குருவி வலைமேல் உட்கார்ந்து, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, உள்ளே இறங்கியது. அதன் பின்னால் மற்றவையும் வருகின்றன. மைனாக்கள் மறுகோடிச் சோற்றில் இருக்கின்றன. அங்கே காகம் இறங்கினால் மைனா விலகுகிறது, ஆனால் பின்னால் நடந்துபோய்க் காகத்தின் வாலைப் பிடித்து இழுக்கிறது!

இரண்டு சிக்கல் மீதி. அணில் வலைக்குள் புகுந்துவிடுகிறது. தண்ணீர்ச் சட்டியில் மைனா குளித்து முழுவதையும் வெளியே தெளித்துவிடுகிறது.

தேம்ஸ் தமிழ் (லண்டன்)

நம் ஊர் அணிலை வலையால் தடுப்பது கடினம் அக்கா. கூண்டைக் கிளையில் மாட்டாமல் வழுக்கும் இரும்புக் குழாயின் உச்சியில் நிறுத்தி, மரத்திலிருந்து தாவ முடியாத தொலைவில் வையுங்கள்.

நொய்யல்கரை (கோவை)

தண்ணீருக்கும் அதே வழிதான். பெரிய சட்டியை மைனாவுக்கு விட்டுவிட்டு, விரலளவே ஆழமுள்ள இன்னொரு தட்டை வேலிக்கு அடியில் வையுங்கள். நடுவில் ஒரு கல் போட்டால் குருவி நின்று குடிக்கும். கொசு முட்டையிடாமல் இருக்க நாள்தோறும் மாற்றுங்கள். பெட்டியின் துளையையும் அளந்து பாருங்கள்: ஒன்றேகால் அங்குலம் இருந்தால் குருவி போகும், மைனா போகாது.