மணி விரலில் ஏற 23 நாள்

குழு: நம் வீட்டுத் திண்ணை

ஞாயிறு

[மாலை 6:14] நான்: அத்தை, நம் லவ் பேர்ட் மணி இன்று பாப்பாவைக் கடித்துவிட்டது. வாங்கி எட்டு நாள் ஆகிறது. கூண்டுக்குள் கை நுழைந்தாலே கம்பியில் மோதிப் படபடவென்று அடித்துக்கொள்கிறது. வால் இறகு இரண்டு உதிர்ந்து கிடக்கிறது. பாப்பா சாப்பிடாமல் அழுகிறாள். "அதற்கு என்னைப் பிடிக்கவே இல்லை" என்கிறாள்.

[6:17] தம்பி: அக்கா, வாங்கிய கடையிலேயே இறக்கையை வெட்டித் தருவார்கள். பறக்க முடியாவிட்டால் தானாகக் கைக்கு வந்துவிடும்.

[6:19] சித்தப்பா: வெட்டவெல்லாம் வேண்டாம். தினமும் துண்டைப் போட்டுப் பிடித்துக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருங்கள். நம் நாய்க்குட்டி அப்படித்தானே பழகியது?

[6:33] அத்தை: இரண்டும் வேண்டாம். கண்ணம்மா, கடையில் அதை எப்படிப் பிடித்துக் கொடுத்தார்கள்?

[6:35] நான்: நாற்பது, ஐம்பது பறவைகள் இருந்த பெரிய கூண்டுக்குள் கையை விட்டுத் துரத்தி, மூலையில் அமுக்கிப் பிடித்தார். அட்டைப்பெட்டியில் போட்டுக் கொடுத்தார்.

[6:42] அத்தை: அந்தக் கைதான் அதன் மனதில் இருக்கிறது. கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கிறார்களே, அது பட்ஜி என்கிற சின்னக் கிளி. ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்தில் கூட்டம் கூட்டமாகத் திரியும் பறவை. மேலிருந்து பாய்கிற எதுவும் அதற்குப் பருந்துதான். பாப்பா ஆசையோடுதான் கையை நீட்டுகிறாள். ஆனால் அந்தக் கை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

[6:48] அத்தை: தம்பி, இறக்கையை வெட்டினால் அதனால் தப்பித்து ஓட முடியாது, அவ்வளவுதான். பயம் அப்படியே இருக்கும். துண்டில் பிடிப்பதை நானே ஒருமுறை செய்தேன். கைக்குள் அசையாமல் இருந்தது, பழகிவிட்டது என்று மகிழ்ந்தேன். கிட்டத்தில் பார்த்தால் அலகைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பயத்தில் விறைத்துப்போன பறவையைப் பழகிய பறவை என்று நினைத்த பாவம் இன்னும் எனக்கு உறுத்துகிறது.

[6:50] அம்மா: அண்ணி, தனியாக ஒன்றை வளர்ப்பதே பாவம் இல்லையா? ஜோடி வாங்கியிருக்கலாம்.

[6:54] அத்தை: நியாயமான கேள்வி. கூட்டத்தில் வாழ்கிற பறவைதான். தனியாக வைத்தால் நீங்கள்தான் அதன் கூட்டம். தினமும் சில மணி நேரமாவது அதன் பார்வையில் இருக்க வேண்டும். முடியாது என்று தோன்றினால் துணை வாங்குங்கள். முதலில் கூண்டு எங்கே இருக்கிறது, சொல்.

[6:55] நான்: சமையலறை வாசலில், தரையில்.

[6:58] அத்தை: உடனே மாற்றிவிடு. எல்லாரும் அதன் தலைக்கு மேல் நடக்கிறீர்கள். கூடத்தில், பாப்பாவின் கண் உயரத்துக்கு, முதுகுப்பக்கம் சுவர் இருக்கும்படி வை. நான்ஸ்டிக் கல் அளவுக்கு மீறிச் சூடானால் வருகிற புகை பட்ஜியை நிமிடங்களில் கொன்றுவிடும். அதனால் சமையலறைப் பக்கமே வேண்டாம்.

[7:10] அத்தை: பாப்பாவிடம் சொல், மூன்று நாள் கூண்டுக்குள் கையே போகக் கூடாது. தண்ணீரும் தீனியும் நீ மட்டும் மெதுவாக மாற்று. அவள் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடத்தை உரக்கப் படிக்கட்டும். பிறகு கூண்டின் வெளிப்பக்கம் கையைச் சும்மா வைத்திருக்கட்டும். அடுத்து, தினைக் கதிரைக் கம்பி இடுக்கில் நீட்டட்டும். தீனிக் கிண்ணத்தில் மற்ற தானியம் எப்போதும் இருக்க வேண்டும், பட்டினி போட்டுப் பழக்குவது ஆபத்து. தினையை மட்டும் கையால் கொடுங்கள்.

[7:16] தாத்தா: வள்ளி தினைப்புனத்தில் பரண்மேல் நின்று ஆலோலம் பாடிக் கிளியை விரட்டினாள். என் கொள்ளுப்பேத்தி அதே தினையைக் காட்டிக் கிளியை அழைக்கிறாள். நல்ல காட்சி. ஒருநாள் நானும் வந்து பார்க்க வேண்டும்.

சனி

[காலை 10:05] நான்: அத்தை, இன்று ஒரு காலை மடக்கி வயிற்று இறகுக்குள் வைத்துக்கொண்டு, "கறுக் கறுக்" என்று அலகை உரசிக்கொண்டிருந்தது. உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதா?

[10:09] அத்தை: நிம்மதியாக இருக்கிறது! தூங்கப்போகும்முன் அப்படித்தான் உரசும். வால் மூச்சோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடினாலோ, நாள் முழுக்க உப்பிக்கொண்டு கிடந்தாலோதான் பறவை மருத்துவரிடம் ஓட வேண்டும். இன்னொன்று: இறகெல்லாம் உடம்போடு ஒட்டி, கழுத்து நீண்டு ஒல்லியாகத் தெரிந்தால் அது பயம். அந்த நொடியே கையை நிறுத்திவிட வேண்டும். அது ஓடுவதற்கு முன்னால் நீங்கள் பின்வாங்க வேண்டும்.

[10:12] நான்: பாப்பா வாய்ப்பாடு சொல்கிறாள். எட்டாம் வாய்ப்பாடு என்றால் தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்கிறது.

அடுத்த வெள்ளி

[இரவு 8:20] நான்: கதிரின் நுனியைக் கொத்திவிட்டது! ஒரு சாண் நீளக் கதிர். பாப்பா மூச்சே விடவில்லை.

[8:21] சித்தப்பா: அருமை. நாளைக்கே கையில் ஏற்றிவிடலாம்.

[8:24] அத்தை: அவசரம் வேண்டாம், தம்பி. தினம் இரண்டு அங்குலம் கதிரைக் குறைத்துப் பிடிக்கட்டும். காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் போதும்.

ஞாயிறு

[மாலை 5:40] நான்: எல்லாம் போயிற்று. வீட்டுக்கு வந்த பையன் ஒருவன் நான் அந்தப் பக்கம் போன நேரம் கூண்டைத் திறந்து அதைப் பிடிக்கப் பார்த்திருக்கிறான். மறுபடியும் மூலையில் ஒண்டிக்கொண்டது. கதிரைக் காட்டினாலும் வரவில்லை.

[5:52] அத்தை: போகவில்லை, கண்ணம்மா. இன்று கூண்டின் ஒரு பக்கம் துணி போட்டு விட்டுவிடுங்கள். நாளை வெளியே உட்கார்ந்து வாய்ப்பாட்டிலிருந்து மறுபடி தொடங்கட்டும். முதல்முறை பயம் தெளிய ஒரு வாரம் பிடித்தது, இந்த முறை அவ்வளவு நாள் ஆகாது. பாப்பாவைத் திட்டாதே.

மறு செவ்வாய்

[மாலை 6:30] நான்: அத்தை!!

[6:31] நான்: ஏறிவிட்டது. ஆரம்பித்து 23 நாள்.

[6:36] நான்: நீங்கள் ஃபோனில் சொன்னபடி இடக்கையில் சின்னக் கதிர், வலக்கை விரலைக் கீழிருந்து மெல்லக் கொண்டுபோய், காலுக்குச் சற்று மேலே வயிற்றோரம் படும்படி வைத்தாள். முதலில் அலகால் விரலைப் பிடித்தது. கடிக்கிறதோ என்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் கையை இழுக்கவே இல்லை.

[6:38] அத்தை: கெட்டிக்காரி! அது கடியில்லை. கிளையில் ஏறும்முன் தாங்குமா என்று அலகால் பிடித்துப் பார்க்கும். அங்கே கையை இழுத்திருந்தால் விரலை நம்பக் கூடாது என்று அதற்குத் தோன்றியிருக்கும்.

[6:41] நான்: ஒரு கால் வைத்து எடுத்தது. மறுபடி வைத்தது. பிறகு இரண்டு காலும். முன்னால் இரண்டு விரல், பின்னால் இரண்டு விரல், குண்டூசி முனை மாதிரி நகம், ஆனால் பாதம் அவ்வளவு வெதுவெதுப்பு என்கிறாள். தினை உமியை அவள் மணிக்கட்டில் துப்பிக்கொண்டே சாப்பிட்டது.

[6:45] நான்: விரலோடு கொண்டுபோய்ச் சமையல் தராசில் ஏற்றினாள், 33 கிராம். ஏறக்குறைய நான்கு பத்து ரூபாய் நாணயங்களின் எடைதான் வரும்.

[6:47] தாத்தா: கண்ணில் நீர் வந்துவிட்டது. பாப்பாவிடம் ஃபோனைக் கொடு.

[6:49] தம்பி: அக்கா, நல்ல வேளை நான் சொன்னதை நீ கேட்கவில்லை. இந்த வாரம் வந்து பார்க்கிறேன்.

[6:52] அத்தை: வா, ஆனால் தூரத்தில் உட்கார். இனி வெளியே விடும்போது ஃபேனை முழுதாக நிறுத்திவிட்டுத்தான் கூண்டைத் திறக்க வேண்டும். கண்ணாடிச் சன்னலுக்குத் திரை போடுங்கள், வெளி என்று நினைத்து மோதிவிடும். வாளியில் தண்ணீர் இருந்தால் மூடிவையுங்கள்.

[6:58] நான்: திரை போட்டாயிற்று, வாளியை மூடியாயிற்று. ஃபேன் சுவிட்சில் பாப்பா காகிதம் ஒட்டியிருக்கிறாள்: "மணி வெளியே இருக்கிறது. யாரும் போடாதீர்கள்."