அப்டேட்: தூத்துக்குடி மீன் சாப்பாடு ட்ரிப் போயிட்டு வந்தாச்சு

சனி ஞாயிறு தூத்துக்குடி போறோம், மீன் எங்க எப்படி சாப்பிடலாம்னு போன வாரம் கேட்டிருந்தேன்ல, பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி மக்களே. சனிக்கிழமை ராத்திரியே மீன்பிடி துறைமுகம் போங்கன்னு ஒருத்தர் சொன்னீங்க பாருங்க, அதுதான் பெஸ்ட். விசைப்படகு எல்லாம் விடியக்காலைல போயி ராத்திரி திரும்பி வருது, கூடை கூடையா இறக்கி அங்கயே ஏலம் விடுறாங்க, பாறை, ஊளி, கணவாய், நண்டுன்னு கண்ணு நெறஞ்சு போச்சு. ஞாயித்துக்கிழமை பெரும்பாலும் கடலுக்குப் போக மாட்டாங்க, அதனால ஞாயிறு மதியம் தட்டுல வர்றது முந்தின நாள் மீன்தான், கடைல கேட்டுட்டே ஆர்டர் பண்ணுங்க.

நாங்க ஒரு சின்ன மெஸ்ல சாப்பிட்டோம். சீலா வறுவல் கேட்டதுக்கு அந்தக்கா "இன்னைக்கு விளமீன் நல்லாருக்கு, கொழம்பு ஊத்தவா"ன்னாங்க, தேங்கா அரைச்சு புளி தூக்கலா, சோறு மறுபடி மறுபடி வாங்கி சாப்பிட்டோம், அவங்க பேச்சக் கேட்டதுக்கு அவ்ளோ சந்தோஷம். ராத்திரி பொரிச்ச பரோட்டா, சால்னா. ஊருக்கு வாங்கிட்டு வர்ற மக்ரூன் (முந்திரி, முட்டை வெள்ளைக்கரு போட்டு செய்ற தூத்துக்குடி இனிப்பு) மட்டும் காத்து புகாத டப்பால வைங்க, சீக்கிரம் நமத்துடும்.

அப்புறம் ஏப்ரல் 15 டு ஜூன் 14 மீன்பிடி தடைக்காலம், விசைப்படகு போகாது, நாட்டுப்படகு மீன் மட்டும்தான், வெலையும் ஏறிடும். அந்த டைம்ல பிளான் போட்டிருக்கவங்க தள்ளி வைங்க.