தாதிக்குத் தாதிதான் வழிகாட்ட வேண்டும்

இரவுப்பணி: கலாநிதிப் பட்டம் செய்யும் தாதியருக்கு எந்தத் துறைப் பேராசிரியர் வழிகாட்டினாலும் போதும் என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். வாசித்ததும் கோபம் தலைக்கேறிவிட்டது. எனக்குக் கிடைத்த வழிகாட்டி ஒரு வைத்தியர். படுக்கைப்புண் பற்றிய அத்தியாயத்தை மூன்று மாதம் வைத்திருந்துவிட்டு, ஓரத்தில் சிவப்புப் பேனையால் "மருந்து என்ன?" என்று மட்டும் எழுதித் தந்தார். நான் எழுதியது இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்கவைப்பதைப் பற்றி. தாதிக்குத் தாதிதான் வழிகாட்ட வேண்டும்.

நாவலக்காரன்: எழுதியது நான்தான். புள்ளிவிபரத்தில் தாதி என்ன, வைத்தியர் என்ன? இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தில் தாதியருக்குப் பட்டப்படிப்பு தொடங்கியதே 1994இல்தான். ஆளுக்கு எங்கே போவது?

இரவுப்பணி: 1994இல் பிறந்த பிள்ளைக்கே இப்போது பிள்ளை இருக்கும். அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரி 1924இலேயே தாதியருக்குக் கலாநிதிப் படிப்பு தொடங்கிவிட்டது. தாதிக்குத் தாதிதான்.

நாவலக்காரன்: அது கல்வியியல் கலாநிதி, அக்கா. தாதியருக்கான பிஎச்டி 1934இல் நியூயோர்க் பல்கலைக்கழகத்தில்தான் வந்தது. அந்த முதல் ஆளுக்கு வழிகாட்ட எந்தத் தாதிக் கலாநிதி இருந்தார்?

வெள்ளவத்தைப் பிள்ளை: மேற்பார்வையாளர் வேறு, வழிகாட்டி வேறு. ஆய்வைத் திருத்துபவர் ஒருவர், லீவு கிடைக்காமல் அழும்போது தூக்கிவிடுபவர் இன்னொருவர். எதைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

இரவுப்பணி: தங்கச்சி, பெயர் எதுவானாலும் ஆள் தாதியாக இருக்க வேண்டும். முழு இரவும் வாட்டில் நின்றுவிட்டு, காலையில் நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பத்தோடு ஓடியவருக்குத்தான் இது விளங்கும். வெளிநாட்டில் புலமைப்பரிசிலில் படித்தவர்களுக்கு விளங்காது.

நாவலக்காரன்: என்னைத்தானே சொல்கிறீர்கள்? புலமைப்பரிசில் சும்மா வரவில்லை. போன வருடமும் இதே குத்தல்தான். எனக்கு வழிகாட்டியவர் ஒரு சமூகவியலாளர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு, பந்தி பந்தியாக வாசித்துத் திருத்தினார்.

இரவுப்பணி: உங்களுக்கு நல்ல ஆள் வாய்த்தது. இங்கே மூன்று மாதத்துக்கு ஒரு வரி வாங்கியவளிடம் அதைச் சட்டமாகச் சொல்லாதீர்கள்.

நாவலக்காரன்: உங்களுக்கு ஒரு மோசமான ஆள் வாய்த்ததை மட்டும் சட்டமாக்கலாமா? 1934க்கு இன்னும் பதில் இல்லை.

இரவுப்பணி: 1934ஐ நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். திருத்தாமல் கிடக்கும் அந்த அத்தியாயத்தை வாசிக்க எனக்கு ஒரு தாதி வேண்டும். இரண்டு மணித்தியாலம் ஏன் என்று அவரிடம் நான் விளக்க வேண்டியிருக்காது.