மறுமொழி: பீஃப்ஸ்டேக் தக்காளியைத் தமிழில் என்னவென்று சொல்வது?

குழுவினருக்கு வணக்கம்.

பெரிதாக, சதைப்பற்றோடு காய்க்கும் பீஃப்ஸ்டேக் (beefsteak) தக்காளிக்கும், தக்காளி வளர்ப்பில் வரும் வேறு சில ஆங்கிலச் சொற்களுக்கும் தமிழ்ப் பெயர் தேடும் இந்த இழையில் இதுவரை வந்த பரிந்துரைகளை வரிசையாகப் படித்தேன். சிலவற்றுக்கு என் கருத்து:

> மாட்டிறைச்சித் தக்காளி என்றே வைக்கலாமே, மூலத்துக்கு நெருக்கம்.

நெருக்கம்தான். ஆனால் விதைப் பொட்டலத்தில் அப்படி அச்சிட்டால், சைவமா அசைவமா என்று கேட்பார்கள். ஆங்கிலப் பெயர் பழத்தின் சதைத் திண்மையைப் பார்த்து வந்தது. நமக்கு அந்தத் திண்மை போதும், மாடு வேண்டாம்.

> பெருந்தக்காளி?

இது அளவை மட்டும் சொல்கிறது. அரைக் கிலோ பழம் இவ்வகையில் சாதாரணம், சரி. ஆனால் அதே செடியின் பிந்திய கொத்துகளில் கைக்குள் அடங்கும் பழங்களும் வரும். அவற்றைச் 'சிறிய பெருந்தக்காளி' என்பதா?

> சதைத்தக்காளி அல்லது பல்லறைத் தக்காளி.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. ரோமா வகைக்கும் சதை அதிகம், ஆனால் அது வெளிச்சுவரில். உள்ளே இரண்டு மூன்று சூலறைகள்தான், அதாவது விதை இருக்கும் அறைகள். பிராண்டிவைன் போன்ற பீஃப்ஸ்டேக் பழத்தைக் குறுக்கே வெட்டினால் வேறு காட்சி. எட்டு, பத்து என்று அறைகள், அதுவும் ஒழுங்கான வட்டமாக இல்லாமல் அங்கங்கே சிறு பொந்துகளாக. விதையும் கொழகொழப்பும் அந்தப் பொந்துகளில் ஒதுங்கிவிட, இடைச்சுவர்களே தடித்து நடுவரை சதையாக நிற்கின்றன. ஆகவே 'பல்லறை' தாவரவியல்படி சரி. ஆனால் காதில் விழுந்ததும் பல் மருத்துவர் நினைவுக்கு வருகிறாரே!

என் பரிந்துரை கதுப்புத் தக்காளி. மாம்பழத்தில் கத்தி வைத்தால் பத்தையாக வரும் சதையைக் கதுப்பு என்கிறோம். வில்லையாக அரிந்தாலும் சிந்தாமல் நிற்கும் இந்தப் பழத்துக்கு அது அப்படியே பொருந்தும். 'சதைத்தக்காளி'யை ரோமா வகைக்கு விட்டுவிடலாம்.

> கேட்ஃபேசிங் = பூனைமுகம்

இதை ஏற்க முடியவில்லை. காயின் அடிப்பக்கம் மடிந்து, தக்கை போன்ற பழுப்புத் தழும்போடு கோணிக்கொள்வதுதான் கோளாறு. பூமொட்டு உருவாகும் சமயத்தில் குளிர் அதிகமாக இருந்தால் சூலகம் சரியாக வளராமல் இப்படி ஆகும். கதுப்புத் தக்காளியில் இது கூடுதலாக வருவதற்குக் காரணம் அதே பல அறைகள்தான். சூலகமே அகன்று, பிசகுவதற்கு இடம் அதிகம். தழும்புக் கோணல் என்றால் பார்த்தவுடன் புரியும். நறுக்கி எறிந்துவிட்டு மீதியைத் தாராளமாகச் சாப்பிடலாம் என்பதையும் விளக்கக் குறிப்பில் சேர்க்கவேண்டும்.

காயின் நுனி கறுத்து அழுகும் பிளாசம் எண்ட் ராட் என்பதற்கு 'நுனி அழுகல்' புழக்கத்தில் இருக்கிறது, புதிதாக எதற்கு? குறிப்பில் மட்டும் ஒரு திருத்தம்: 'மண்ணில் சுண்ணாம்புச் சத்துக் குறைவு' என்று எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலும் மண்ணில் அந்தச் சத்து, அதாவது கால்சியம், இருக்கும். ஒருநாள் காய்ச்சலும் மறுநாள் வெள்ளமுமாகத் தண்ணீர் விட்டால் அது காய்க்குப் போய்ச் சேராது.

> சக்கர் = உறிஞ்சி

வேண்டவே வேண்டாம். சாறு உறிஞ்சும் பூச்சியோடு குழம்பும். தவிர, இலைக்காம்பும் தண்டும் சேரும் இடுக்கில் முளைக்கும் இந்தத் தளிர் எதையும் உறிஞ்சிக்கொண்டு சும்மா இருப்பதில்லை. விட்டுவைத்தால் தனி இலை, தனிப் பூ என்று முழுக் கிளையாகிவிடும். விரல் நீளத்தில் கிள்ளிவிடச் சொல்வது, செடி புதராகாமல் ஒன்றிரண்டு தண்டுகளோடு கொம்பில் ஏறுவதற்காக. இடுக்குத் தளிர் எனலாம். எங்கே கிள்ளவேண்டும் என்பதும் பெயரிலேயே வந்துவிடுகிறது.

இண்டிடர்மினேட் (indeterminate) என்பதற்கு 'நிர்ணயமற்ற வகை' என்பதும் எனக்கு உறுத்துகிறது; செடிக்கு என்ன நிர்ணயம்? சில பூங்கொத்துகளோடு வளர்ச்சி நிற்பதை 'நின்று காய்ப்பது' என்றும், ஆளுயரம் தாண்டியும் வளர்ந்துகொண்டே காய்ப்பதை 'ஓடிக் காய்ப்பது' என்றும் சொல்லிப் பார்த்தேன். கதுப்புத் தக்காளியில் பெரும்பாலானவை ஓடிக் காய்ப்பவை. இதைவிட நல்ல சொல் இருந்தால் மகிழ்ச்சி.

அப்புறம், ஒன்று இன்னும் பாக்கி. இவ்வகையில் முதல் கொத்தில் இரண்டு மூன்று பூக்கள் ஒன்றாக ஒட்டி, ஒரே அகலப் பூவாக வருவதுண்டு. 'ஒட்டுப்பூ' என்றால் ஒட்டுக்கட்டிய செடியோடு குழப்பம். 'பிணைபூ' என்று தற்காலிகமாகக் குறித்து வைத்திருக்கிறேன். உங்கள் தோட்டத்தில் இதற்கு வேறு பெயர் வழங்கினால் எழுதுங்கள், பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.